ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே

கேள்வி மிக எளிமையானது. அத்தை அதற்கு உண்மையான பதிலைத்தான் சொன்னார். எங்கள் குடும்பத்தின் சிக்கல் அந்த உண்மையான பதிலிலிருந்து தொடங்கியது.

கிழக்குப் பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டினாற்போல் எங்கள் தென்னந்தோப்பும் வீடும் இருக்கின்றன. பஞ்சாயத்தின் வீட்டுப் பராமரிப்புக் குழு முதன்முதலாக எங்கள் வாசலுக்கு வந்த நாள் அது. சிஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் செவிலியர், அவருடன் எங்கள் வார்டின் ஆஷா பணியாளர், வண்டியோட்டி என மூவர் வந்திருந்தனர். என் தந்தையின் மூத்த சகோதரியான அத்தை, பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுவதும் விழுந்து, மாதக்கணக்காகக் கட்டிலில் இருந்தார். சிறுநீருக்குக் குழாய் பொருத்தியிருந்தது. இடுப்பின் கீழே படுக்கைப் புண் தொடங்கியிருந்தது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களின் வீட்டுக்கே வந்து குழாய் மாற்றுவதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், காற்று மெத்தையை இரவல் தருவதும் அந்தக் குழுவின் பணி. அதைப் பெறுவதற்கு இரண்டு தகுதிகள் வேண்டும். நோயாளி எழுந்து நடமாட முடியாதவராக இருக்க வேண்டும். பஞ்சாயத்து எல்லைக்குள் நிலையாக வசிப்பவராக இருக்க வேண்டும்.

முதல் தகுதியை சிஸ்டர் கேட்கவேயில்லை. கண்ணால் கண்டதே போதுமானதாக இருந்தது. இரண்டாவதை மட்டும், கேட்க வேண்டுமே என்பதற்காக, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"அம்மா எப்பவும் இங்க தன்னெ தாமசம், அல்லே?"

அத்தையின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததே தவிர, சொல் தெளிவாக வந்தது.

"எப்பவும் இங்கயா? அதெப்புடீங்க? எனக்கு ரெண்டு ஊடுங்க. ஒரு மாசம் இங்க, ஒரு மாசம் சின்னவன் ஊட்டுல. ரெண்டு தம்பியும் முறை போட்டுப் பாக்கறானுக. இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எவளுக்கு அப்புடி வாய்ச்சுருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க."

அப்பா இருமினார்.

"ஏனப்பா, சளியா?" என்று அவரைக் கேட்டுவிட்டு அத்தை தொடர்ந்தார். "சின்னவன் ஊடு செக்போஸ்ட்டுக்கு அந்தாண்டைங்க. பக்கந்தான். அவனும் நல்லாப் பாக்கறான். ஒரு கொறையுமில்லைங்க."

சிஸ்டரின் பேனா நின்றது. ஆஷா பணியாளர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தென்னை மரங்களைப் பார்த்தார்.

அத்தை ஏன் அவ்வளவு பெருமையாக அதைச் சொன்னார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இளம் வயதில் கணவரை இழந்து, பிள்ளையில்லாமல் பிறந்த வீட்டுக்கு வந்தவர் அவர். வந்த சில ஆண்டுகளில் தாயும் போய்விட, தம்பிகள் இருவரையும் வளர்த்ததும் தோட்டத்தை நடத்தியதும் அவர்தான். பிற்பாடு தம்பிகள் சொத்தைப் பாகம் பிரித்தார்கள். எல்லைக்கு இப்பாலிருந்த தோப்பும் வீடும் என் தந்தைக்கு வந்தன; அப்பாலிருந்த பூமி சித்தப்பாவுக்குப் போயிற்று. அக்கா யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தபோது அவரே முடிவு சொன்னாராம்: ஒருவனிடம் மட்டும் இருந்தால் இன்னொருவன் என்னை விட்டுவிட்டான் என்று ஊர் பேசும், அந்தப் பேச்சு என் தம்பிகளில் எவன்மேலும் விழக்கூடாது. அன்று முதல் அமாவாசை கழிந்த மறுநாள் அவர் வீடு மாறுவார். இதைத்தான் நாங்கள் முறை என்கிறோம். நடமாட்டம் இருந்தவரை ஒரு துணிப்பையோடு பேருந்தில் போவார். படுத்த பிறகு சித்தப்பா வாடகை வேன் பிடித்து வந்து தூக்கிக்கொண்டு போனார். ஒரு முறைகூடத் தவறியதில்லை.

சிஸ்டர் மென்மையாகவே விளக்கினார். வண்டி எல்லையைக் கடக்க இயலாது. காற்று மெத்தை பஞ்சாயத்தை விட்டு வெளியே போகக்கூடாது. நோயாளி ஒரு மாதம் முழுவதும் வெளியே இருந்தால், பெயரைத் தொடர்வதா நீக்குவதா என்பதை ஆரோக்கிய கேந்திரம் என்கிற சுகாதார நிலையத்தில் நடக்கும் பரிசீலனைக் கூட்டம் முடிவு செய்யும். எல்லைக்கு அந்தப் பக்கத்திலும் வீடு தேடி வரும் செவிலியர் உண்டு. ஆனால் அங்கே அந்தப் பக்கத்து முகவரி வேண்டும். அத்தையின் ரேஷன் கார்டு முதல் ஆதார் வரை எல்லாம் எங்கள் வீட்டு விலாசத்தில்தான் இருந்தன. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இப்ப இங்க உண்டல்லோ" என்று அன்றைய கட்டைப் போட்டு, மெத்தையையும் அதன் சிறிய மோட்டாரையும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மெத்தையின் அறைகள் மாறி மாறிக் காற்றால் உப்பின, தணிந்தன. "அடியில எவனோ பெரண்டு படுக்கறானே!" என்று அத்தை முதல் நாள் சிரித்தார். பதினைந்தே நாட்களில் புண்ணின் ஓரங்கள் வறண்டு சுருங்கத் தொடங்கின.

பிறகு அமாவாசை வந்தது.

மறுநாள் சித்தப்பா வேனோடு வந்து நின்றார். அத்தை காலையிலேயே அம்மாவிடம் தலை வாரச் சொல்லிக் காத்திருந்தார். போக வேண்டாம் என்று சொல்லும் துணிவு எங்களில் யாருக்கும் வரவில்லை. "ஒரு மாசந்தான" என்றார் அப்பா, தமக்குத் தாமே. காற்று மெத்தையைச் சுருட்டிப் பரண்மேல் வைத்தோம்.

அந்த மாதத்தைப் பற்றி நான் நியாயமாக எழுத வேண்டும். சித்தி எங்களைவிடக் கவனமாக அத்தையைப் பார்த்துக்கொண்டார். நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைத்தார். துணியில் ஈரம் தங்க விடவில்லை. ஆனால் அது கோடை. பஞ்சு மெத்தை வியர்வையைக் குடித்துக்கொண்டு அடியிலேயே வைத்திருந்தது. ஒரு நாள் குழாய் அடைத்துக்கொண்டது. பொள்ளாச்சிக்கு வேனில் கொண்டுபோய், ஸ்ட்ரெச்சரில் காத்திருந்து, குழாயை மாற்றிக்கொண்டு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அன்று முழுவதும் ஒரே நிலையில் கிடந்த அத்தைக்குப் புண் ஆழமாயிற்று. பின்னர் காய்ச்சல் வந்தது. முறை முடிந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, சிஸ்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு அப்பாவை வெளியே அழைத்துச் சொன்னார்: இன்னொரு மாதம் இப்படிப் போனால் எலும்பு தெரியும், அதற்கப்புறம் வீட்டில் வைத்து ஆற்ற முடியாது. பரிசீலனைக் கூட்டத்தில் அத்தையின் பெயர் வருகிறது. நோயாளி இங்கேயே இருப்பார் என்று குடும்பம் சொன்னால் ஒழிய, மெத்தையையும் வருகையையும் வேறொருவருக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். அத்தையின் கட்டில் கிடக்கும் முன்னறையிலேயே பேச்சு தொடங்கியது.

"அக்கா இனி இங்கயே இருக்கட்டும். புண்ணு ஆறட்டும். அப்பறம் பழையபடி கூட்டிட்டுப் போ" என்றார் அப்பா.

"புண்ணு என்ற ஊட்டுலதான் பெருசாச்சுன்னு சொல்றீங்களாண்ணா?"

"நா அப்புடிச் சொல்லலை."

"வேற எப்புடிங்க சொல்றீங்க?"

சித்தி அத்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டே பேசினார். "விடுங்க. நாளைக்குச் சொந்தபந்தம், ஒறம்பரை முன்னால, 'சின்னவன் ஊட்டுல கை கழுவிட்டாங்க'ன்னு பேச்சு வரும். நாம தலையக் குனிஞ்சு நிக்கோணும். இப்பவே பழகிக்கலாம்."

"அப்புடி யாரு அம்முணி சொல்லப்போறா?" என்றார் அம்மா.

"யாருங்க்கா சொல்லாம இருக்கப்போறாங்க?"

கட்டிலிலிருந்து அத்தையின் குரல் எழுந்தது. "என்னைய வெச்சுக்கிட்டே எம்பேர்ல பஞ்சாயத்துப் பேசறீங்களே, நா என்ன செத்தா போயிட்டேன்? முறை முறைதான். அமாவாசை கழிஞ்சா நா கெளம்பிருவேன். புண்ணு என்ன புண்ணு, முதுகுல இருக்குது, எங்கண்ணுக்கா தெரியுது?"

யாரும் சிரிக்கவில்லை. அத்தை என் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"பட்டிமன்றக்காரி ஒருத்தி வாய மூடிக்கிட்டு நிக்கறாளே. ஏங் கண்ணு, ஊரூராப் போயிக் கப்பு வாங்கிட்டு வர்றயே, இதுக்கொரு தீர்ப்புச் சொல்லு பாக்கலாம்."

பள்ளி நாள் முதல் நான் மேடையில் வளர்ந்தவள். எந்தத் தலைப்பின் எந்தப் பக்கத்தையும் எடுத்து நிறுத்தும் பயிற்சி எனக்கு உண்டு. அதில் எனக்குக் கர்வமும் உண்டு. தொகுத்துச் சொல்வதானால் இரு அணிகளின் நிலையும் தெளிவாகவே இருந்தது. அப்பா அத்தையின் உடலுக்காகப் பேசினார். சித்தப்பா அத்தையின் மீதான தம் உரிமைக்காகப் பேசினார். அத்தையோ இருவருடைய பெயருக்காகவும் பேசினார். இதில் பொய்யாகப் பேசியவர் எவருமில்லை. அத்தகைய அவையில் நடுவர் யாரை நோக்கியும் தீர்ப்புச் சொல்ல இயலாது. குற்றம் இவர்களுக்கு வெளியே, அந்த விதியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

"தீர்ப்பு இங்க வேண்டாங் அத்தை. அந்தக் கூட்டத்துல நான் பேசறேன். விதியை மாத்தச் சொல்லிக் கேக்கறேன்" என்றேன்.

"அங்கயும் மணி அடிப்பாங்களா?"

"தெரியலைங்."

"அடிக்கறதுக்குள்ள முடிச்சுரு. நீ ஆரம்பிச்சா நிறுத்த மாட்ட."

நான் தயாரித்த விதத்தைச் சொல்ல வேண்டும். விவாதத்தில் நாங்கள் முதலில் எதிரணியின் வாதத்தை எழுதுவோம். அதன் பின்னரே நம்முடையதை. பஞ்சாயத்தின் பக்கமிருந்து வரக்கூடிய மறுப்புகளை வரிசையாக எழுதினேன். வண்டி எல்லை கடக்க முடியாது என்பார்கள். நோயாளியை நாங்களே செக்போஸ்ட் வரை கொண்டுவருகிறோம் என்பேன். செவிலியருக்கு அந்தப் பக்கம் அதிகாரமில்லை என்பார்கள். அந்த மாதத்தில் கட்டுப் போடும் பயிற்சியைச் சித்திக்குத் தாருங்கள் என்பேன். மெத்தை பஞ்சாயத்தின் சொத்து என்பார்கள்; எழுதிக் கையொப்பமிட்டு எடுத்துப் போகிறோம் என்பேன். எல்லாவற்றுக்கும் விடை இருந்தது.

கூட்டம் ஆரோக்கிய கேந்திரத்தின் மாடியில் நடந்தது. மருத்துவர், சிஸ்டர், வார்டு மெம்பர்கள் சிலர், தன்னார்வலர்கள் என்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். தலைமை வகித்த பெண்மணி, "தமிழிலேயே பேசலாம், இங்க எல்லாருக்கும் மனசிலாகும்" என்றார். நான் எழுந்து நின்று பேசினேன்.

அந்த உரையின் மையமான பகுதி இன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பெரியோர்களே, இந்த விதி ஒரு குடும்பத்தை ஒரே கூரைக்குக் கீழே மட்டுமே காண்கிறது. என் அத்தையை அவருடைய தம்பிகளில் ஒருவர் கைவிட்டிருந்தால், அவர் இன்று முழுத் தகுதி உடையவராக உங்கள் முன் இருந்திருப்பார். இருவருமே கைவிடவில்லை, ஆகவே அவருடைய தகுதி ஐயத்துக்கு உள்ளாகியிருக்கிறது. கைவிடப்பட்டவரைக் காப்பது நல்ல விதி. கைவிடாதவர்களைத் தண்டிக்காமல் இருப்பது அதனினும் நல்ல விதி."

பின்வரிசையில் கைத்தட்டல் எழுந்தது. ஒரு மெம்பர், "மோளு கொள்ளாமல்லோ" என்று பக்கத்திலிருந்தவரிடம் மெச்சிச் சொன்னார். அந்த வாதம் வலிமையானது என்றே இன்றும் கருதுகிறேன். அதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

மருத்துவர் இளையவர். என் மூன்று விடைகளையும் பொறுமையாகக் கேட்டார். வண்டி, அதிகாரம் இரண்டையும் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "மெத்தையைப் பற்றி மட்டும் சொல்றேன்" என்று தொடங்கினார். "உங்க அத்தை அங்க போயிருந்த மாசம், மெத்தை எங்க இருந்தது?"

"எங்கள் வீட்டுப் பரணில்."

"அந்த மாசம் பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு போன ஒருத்தர் இதே பஞ்சாயத்துல தரையில பாய் போட்டுக் கிடந்தார். எங்ககிட்ட வேற மெத்தை இல்லை. உங்க வீட்டுப் பரண்ல ஒண்ணு இருக்குன்னு தெரியும். ஆனா உங்க அத்தை திரும்பி வருவாங்க, அதனால கேக்கலை. இனி கேக்கணும். கேக்கறதுக்குத்தான் இந்த விதி."

அவர் குரலில் வெற்றியின் தொனி சிறிதுமில்லை. நான் எழுதி வைத்திருந்த மறுப்புகளில் அந்த மனிதர் இடம்பெறவில்லை. விதியின் பக்கத்தில் ஒரு அலுவலகம் மட்டுமே நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு போயிருந்தேன். அங்கே பாயில் ஒருவர் கிடந்தார். போட்டி மேடையில் இரு அணிக்கும் மதிப்பெண் பிரித்துக் கொடுக்கலாம். ஒரே ஒரு மெத்தையை அப்படிப் பிரிக்க முடியாது. மெத்தையை அந்தப் பக்கம் எடுத்துப் போகிறோம் என்ற என் விடையும் அவரைத் தரையிலேயே விட்டுவைக்கும் விடைதான். ஆனால் அத்தை இங்கேயே இருந்திருந்தாலும் அவர் தரையில்தான் கிடந்திருப்பார். அதைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மருத்துவர் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

அமர்வதற்கு முன் ஒரு ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டேன். எந்த அவையிலும் விதியின் எல்லையை உறுதி செய்துகொள்ளாமல் இறங்குவதில்லை என்பது என் வழக்கம். "நோயாளி இங்கே இருக்க வேண்டும் என்பது விதி. அவரைப் பார்த்துக்கொள்பவர் யாராக இருக்க வேண்டும் என்று ஏதேனும் உண்டா?"

தலைமை வகித்தவர் சிரித்தார். "அது உங்க வீட்டுக் காரியம். நோயாளி இங்க வேணும், கூட ஒரு ஆள் வேணும். ஆள் ஆருன்னு நாங்க கேக்கறதில்லை. அடுத்த வரவுல சிஸ்டர் பாத்துட்டுச் சொல்லட்டும். அதுவரைக்கும் பேரு இருக்கும்."

மறுநாள் சித்தி ஸ்கூட்டரில் தயிர்ப் பாத்திரத்தோடு வந்தார். அத்தைக்கு எருமைத் தயிர்தான் பிடிக்கும். எங்களிடம் எருமை இல்லை. நான் கூட்டத்தில் நடந்ததை முன்னறையில் அப்படியே ஒப்பித்தேன். அத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். பாயில் கிடந்தவரைப் பற்றிச் சொன்னபோது, "எந்த ஊருக்காரன்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "கேட்டுட்டு வந்துருக்கோணும்" என்றார்.

சித்தி தயிரை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். "அப்ப நங்கை நவுரக் கூடாது. அவ்வளவுதான அவுங்க சொல்றது?" என்றார். கணவரின் அக்காவை அவர் நங்கை என்றே அழைப்பார்.

"அவ்வளவுதானுங் சித்தி."

"நாங்க நவுந்தா?"

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. சித்தி பாத்திரத்தைக் கீழே வைத்தார். "எங்க முறை வந்தா நானும் அவுரும் இங்க வந்து இருந்துக்கறோம். நங்கையைக் கட்டலோட விட்டுருங்க. முறை நடக்கட்டும்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். எங்கள் சமையலறை மிகச் சிறியது; அம்மாவின் முகத்தில் அதன் நீள அகலம் அப்படியே தெரிந்தது. "இந்த அடுப்புல ரெண்டு பேரு நின்னு வேவ முடியுமா அம்முணி?"

"உங்க அடுப்பு எனக்கெதுக்குங்க்கா? என்ற அடுப்ப நா கொண்டாரேன். கட்டுத்தறிக்குப் பக்கத்துல தேங்காய் போட்டு வெக்கற ரூமு இருக்குதில்லொ, அதைக் காலி பண்ணிக் குடுங்க, போதும்."

"எருமைக?"

"அவுரு காத்தால ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா வண்டில போயிட்டு வரட்டும். செக்போஸ்ட்டுக்காரனுக்கு இவுரு மூஞ்சி மனப்பாடம்."

எதிர்ப்பு வந்தது கட்டிலிலிருந்துதான். அத்தை தலையை மெதுவாக இல்லையென்று அசைத்தார். "அது ஆவாது. அவன் ஊட்டுல இருந்தாத்தான் அவன் முறை. பெரியவன் ஊட்டுக் கட்டல்ல படுத்துக்கிட்டு, சின்னவன் பாக்கறான்னு சொன்னா ஊரு நம்புமா? நானே நம்ப மாட்டேன்."

சித்தி அத்தையின் அருகில் போய் அமர்ந்தார். அவருடைய குரலில் எப்போதும் இருக்கும் குத்தல் அப்போது இல்லை.

"நங்கை, எங்க முறைல நீங்க யாரூட்டுச் சோத்தத் தின்னீங்க?"

"உங்கூட்டுச் சோத்தத்தான்."

"இங்கயும் எங்கூட்டு அரிசி. எங்கூட்டுப் பாலு. சமைக்கறது என்ற கை. உங்களப் பெரட்டிப் படுக்க வெக்கறது உங்க தம்பி. கட்டலு மட்டுந்தான் பெரியவரூட்டுது."

அத்தை கூரையைப் பார்த்தபடி யோசித்தார். கட்டிலின் கீழே மெத்தையின் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. அவர் மறுத்தால் அதற்குமேல் சொல்ல எவரிடமும் ஒன்றுமில்லை. அமாவாசை கழிந்த மறுநாள் வேன் வந்து நிற்கும், கூட்டத்தில் பெயரை நீக்குவார்கள், புண்ணுக்கு என்ன ஆகும் என்பதை சிஸ்டர் முன்பே சொல்லியாகிவிட்டது.

"மெத்தை?" என்றார் அத்தை.

"மெத்தை பஞ்சாயத்தூட்டுதுங்க."

"அப்பப் பெரியவனுதும் இல்லை, சின்னவனுதும் இல்லை."

"இல்லைங்."

"செரி. அரிசிய மட்டும் தனியாக் கொண்டா. இவளூட்டு டப்பாவுல கலக்காத."

அமாவாசை கழிந்த மறுநாள் அதே வேன் வந்தது. இம்முறை அதிலிருந்து ஓர் எரிவாயு அடுப்பும், ஒரு சிப்பம் அரிசியும், இரண்டு பேருக்கான துணிமணிகளும் இறங்கின. சித்தப்பா சங்கடத்தோடு இறங்கினார். தாம் பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் விருந்தாளியாகவும் இல்லாமல் உடையவராகவும் இல்லாமல் நுழைவது அவருக்குப் புதிது. தேங்காய் அறையின் வாசலில் நின்று, "இங்கதான் அந்தக் காலத்துல என்னையப் பூட்டி வெச்சு அடிச்சீங்க" என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னார். "இன்னும் நாலு போட்டிருக்கோணும்" என்று முன்னறையிலிருந்து பதில் வந்தது.

அந்த மாதம் இனிமையாகக் கழிந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அம்மாவும் சித்தியும் துணி காயப்போடும் கொடிக்காகவும் தண்ணீர்த் தொட்டிக்காகவும் முகம் திருப்பிக்கொண்டார்கள். அப்பா ஒரு நாள் மறந்துபோய் அத்தைக்கு எங்கள் வீட்டு இட்லியை ஊட்டப் போனார், அத்தை வாயை இறுக மூடிக்கொண்டு, "இது யாரு முறை?" என்று பல்லுக்குள் கேட்டார். சித்தப்பா காலையும் மாலையும் எருமைகளிடம் போய் வந்து இளைத்துப் போனார். ஆயினும் மெத்தை பரணுக்கு ஏறவில்லை. இரவில் சித்தப்பாவும், அவர் அசந்துவிட்டால் சித்தியும், எழுந்து அத்தையை ஒருபக்கமாகத் திருப்பினார்கள். தம் வீட்டில் செய்தது போலவே செய்தார்கள். புண்ணுக்கு அடியில் இருந்தது மட்டும் வேறு.

அடுத்த வருகையில் சிஸ்டர் இரண்டு அடுப்புகளைக் கண்டு திகைத்தார். விவரம் கேட்டுவிட்டு, வண்டியோட்டியை உள்ளே அழைத்துக் காட்டிச் சிரித்தார். பிறகு கட்டைப் பிரித்து, டார்ச் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். உள்ளே புதுச்சதை சிவப்பாக ஏறுகிறது என்றார். சித்தியைப் பக்கத்தில் அழைத்துக் கட்டுப் போடும் விதத்தை ஒருமுறை செய்து காட்டினார். சித்தி அதைத் திருப்பிச் செய்ததைப் பார்த்துத் தலையசைத்தார். போகும்போது, "பேரு இருக்கும். அமாவாசைக்குப் பேடிக்க வேண்டா" என்று தைரியம் சொன்னார். பாயில் கிடந்தவரைப் பற்றி நான் கேட்டேன். வேறொரு வார்டில் ஒருவர் இறந்துபோனதால் திரும்பிய மெத்தை அவருக்குப் போயிருப்பதாகச் சொன்னார். ஊர்ப் பெயரையும் கேட்டு அத்தையிடம் சொன்னேன்.

தகுதி என்ற சொல்லை நான் எத்தனையோ மேடைகளில் பயன்படுத்தியிருக்கிறேன். பெரும்பாலும் அது திறமையால் ஈட்டப்படும் ஒன்றாகவே என் பேச்சில் வரும். அத்தைக்குத் தேவைப்பட்ட தகுதி அப்படிப்பட்டதல்ல. ஓரிடத்தில் அசையாமல் கிடப்பதுதான் அது. அவரை அசையாமல் வைக்க மற்றவர்கள் எல்லோரும் அசைய வேண்டியிருந்தது. அந்த விதி மாற வேண்டும் என்று இன்னமும் நினைக்கிறேன். எல்லையோரத்தில் எங்களைப் போல் இரண்டு பக்கமும் கால் வைத்து வாழும் குடும்பங்கள் ஏராளம். எல்லா வீடுகளிலும் காலியாக ஒரு தேங்காய் அறை இருக்காது, எல்லாச் சித்திகளும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். அடுத்த கூட்டத்திலும் பேசப் போகிறேன். இம்முறை மெத்தைகள் போதவில்லை என்பதிலிருந்து தொடங்குவேன்.

சித்தப்பாவின் முறை முடிந்த காலை, வேனில் அடுப்பை ஏற்றினார்கள். மீதியிருந்த அரிசியைச் சித்தி அம்மாவிடம் கொடுக்கப் பார்த்தார். அத்தை கண்ணாலேயே தடுத்தார். அதுவும் வண்டி ஏறியது. ஒவ்வொரு மாதமும் கிளம்பிப் போகிறவராகவே இருந்த அத்தைக்கு, படுத்த இடத்திலிருந்து பிறரை வழியனுப்புவது அதுதான் முதல் தடவை. சித்தப்பா கட்டிலருகில் குனிந்து நின்றார். என்ன சொல்லிக்கொண்டு கிளம்புவது என்று அவருக்கு விளங்கவில்லை.

"போயிட்டு வாரனுங்க்கா" என்றார் கடைசியில்.

அத்தை இடது கையால் அவர் தலையைத் தொட்டார்.

"அடுத்த முறைக்கு நேரத்தோட வந்துரு. இங்க ஆளில்லீன்னா சிஸ்டர் எம்பேர அடிச்சுருவாங்க."